வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததை விற்கப் போகிறீர்களா? அரசு விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

வீட்டுக்குப் போக மிஞ்சிய கீரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற வரை அரசாங்கத்துக்கு உங்களைத் தெரியாது. அதற்கு ஒரு விலை வைத்த அன்றே சட்டத்தின் கண்ணில் நீங்கள் வேறு ஆள். உற்பத்தியாளர் என்றோ, வியாபாரி என்றோ, உணவுத் தொழில் செய்பவர் என்றோ உங்களுக்கு ஒரு பெயர் வந்துவிடுகிறது. அந்தப் பெயரோடு அதற்கான விதிகளும் வந்துவிடுகின்றன.

புதிதாக வருகிறவர்கள் முதலில் ‘நகர்ப்புற விவசாயச் சட்டம்’ என்று ஒன்றைத் தேடுவார்கள். பெரும்பாலான நாடுகளில் அப்படி ஒரே புத்தகம் கிடையாது. இடம் நகராட்சியின் கையில் இருக்கும். பூச்சிமருந்து வேளாண் துறையிடம், நறுக்கி அடைத்த காய் உணவுப் பாதுகாப்புத் துறையிடம், தராசு எடையளவுத் துறையிடம். ஒரு துறையில் கேட்டால் இன்னொரு துறையின் விதி பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே துறை துறையாகப் படிக்காமல், விளைபொருள் போகிற வழியிலேயே போய்ப் படிப்பது சுலபம். இந்தக் கட்டுரையும் அந்த வழியில்தான் போகிறது. நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால், விதி எந்த மாதிரி இருக்கும் என்பதைக் காட்ட மட்டும் சில நாடுகளின் உதாரணங்களைச் சேர்த்திருக்கிறேன்.

‘நான் சின்ன ஆள், எனக்கு எதற்கு இதெல்லாம்’ என்பது பாதிதான் சரி. அளவைப் பற்றிய கேள்வி சட்டத்தில் பெரும்பாலும் கடைசியாகத்தான் வரும். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் உண்டு: விளைந்ததை என்ன செய்தீர்கள்? யாரிடம் விற்றீர்கள்? ஒரு கிலோ தக்காளியை முழுசாக விற்பவருக்கும் அதே ஒரு கிலோவைச் சாஸ் ஆக்கி விற்பவருக்கும் விதிகள் வெவ்வேறு.

முதல் படி: ஒரு தாளில் எழுதுங்கள்

அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால், இணையத்தில் தேடுவதற்கும் முன்னால், ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வளர்க்கிறீர்கள் (சொந்த இடமா, வாடகையா, பொது நிலமா). என்ன வளர்க்கிறீர்கள். அறுவடைக்குப் பின் அதை என்ன செய்கிறீர்கள். யாருக்கு விற்கிறீர்கள். வருஷத்துக்குச் சுமாராக எவ்வளவு பணம் வரும். ‘கொஞ்சம் காய்கறி, கொஞ்சம் கீரை’ என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. ‘தக்காளி: முழுசாக; கீரை: கழுவிக் கட்டாக; முளைவிட்ட பயறு: டப்பாவில்’ என்று பிரித்து எழுத வேண்டும். இந்த மூன்றும் மூன்று வகை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி: இடம்

பயிர் பற்றிய விதியைவிட இடம் பற்றிய விதிதான் அதிகம் பேரைத் தடுத்து நிறுத்துகிறது. குடியிருப்புப் பகுதி, வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று நகரங்கள் நிலத்தைப் பிரித்து வைத்திருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் வளர்ப்பதற்குப் பொதுவாக யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதே இடத்தில் வைத்து விற்பது, வாடிக்கையாளர் வந்து போவது, பலகை மாட்டுவது, கூலிக்கு ஆள் வைப்பது ஆகியவற்றுக்குத்தான் தனித்தனி அனுமதி தேவைப்படும்.

இந்த விதிகள் சில சமயம் வினோதமாக இருக்கும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 1946-ஆம் ஆண்டு விதி ஒன்று, வீட்டு நிலத்தில் காய்கறி வளர்த்து வெளியே விற்க இடம் கொடுத்தது. பழத்தையும் பூவையும் அதில் சேர்க்கவில்லை. வெண்டைக்காய் விற்கலாம், எலுமிச்சை விற்கக் கூடாது என்ற நிலை 2010 வரை நீடித்தது. சிறு தோட்டக்காரர்கள் குரல் எழுப்பிய பிறகுதான் அதைத் திருத்தினார்கள். டெட்ராய்ட் நகரம் 2013-இல் தனி விதியே கொண்டுவந்தது: ஒரு ஏக்கர் வரை ‘தோட்டம்’, அதற்கு மேல் ‘பண்ணை’, இரண்டுக்கும் வேறு வேறு நிபந்தனைகள். சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கார் நிறுத்தங்களின் மேல்தளங்களை 2020-இல் ஒப்பந்தப்புள்ளி கேட்டு விவசாயத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே இடத்தை எடுக்கும்போதே நிபந்தனைகளும் ஒப்பந்தத்தோடு வந்துவிடும்.

பொது நிலத்தில் வாடகைக்கு எடுத்த சிறு தோட்டத் துண்டு என்றால் ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். பிரிட்டனில் 1922-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தோட்டத்தை வரையறுக்கும்போதே, முழுதாகவோ பெரும்பகுதியாகவோ பயிரிடுபவரும் அவர் குடும்பமும் உண்பதற்காகப் பயிரிடும் இடம் என்கிறது. மிஞ்சியதைக் கொஞ்சம் விற்பதும் விற்பதற்காகவே பயிரிடுவதும் அங்கே ஒன்றல்ல. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளும் வீட்டு உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தமும் அரசு விதிகள் இல்லைதான். ஆனாலும் நடைமுறையில் முதலில் குறுக்கே நிற்பவை இவைதான்.

மாடி என்றால் கட்டட விதியும் சேர்ந்துகொள்ளும். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈரமண் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ எடை வரும். சாதாரண மாடித்தளத்தை அவ்வளவு சுமைக்குக் கட்டியிருக்க மாட்டார்கள். எடை குறைந்த கலவையையும் ஓரச் சுவர்களை ஒட்டிய தொட்டிகளையும் பலர் நாடுவதற்குக் காரணம் இதுதான். நிரந்தரப் படுகை கட்டப் போகிறீர்கள் என்றால் கட்டுமானப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் தொடங்காதீர்கள்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரத்து மண்ணில் பழைய பெயின்ட், பழைய பெட்ரோல் புகை, இடித்த கட்டடக் குப்பை என்று பலவற்றிலிருந்தும் ஈயம் சேர்ந்திருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு, குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு வைத்திருந்த எச்சரிக்கை அளவை 2024-இல் பத்து லட்சத்தில் 400 பங்கிலிருந்து 200 பங்காகக் குறைத்தது. மண் பரிசோதனையைக் கட்டாயமாக்காத ஊர்களும் உண்டு. கட்டாயம் இல்லாவிட்டாலும் தரைமண்ணில் பயிரிடுகிறவர்கள் ஒருமுறை செய்துவிடுவது நல்லது. முடிவு மோசமாக வந்தால் உயரப் படுகைக்கோ தொட்டிக்கோ மாறிவிடலாம்.

மூன்றாம் படி: செடிக்குள் போகிறவை

தண்ணீரில் இரண்டு வகை உண்டு. வேருக்கு ஊற்றுவது ஒன்று. உண்ணும் பாகத்தில் படுவதும் அறுவடைக்குப் பின் கழுவுவதும் இன்னொன்று. விதிகள் இரண்டாவதில்தான் கறாராக இருக்கும். அமெரிக்காவின் விளைபொருள் பாதுகாப்பு விதியின்படி, அறுவடையின்போதும் அதற்குப் பிறகும் பயன்படுத்தும் நீரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டருக்கு ஒன்றுகூடத் தென்படக் கூடாது. உங்கள் நாட்டில் இந்த எண் எழுதியிருக்கிறதோ இல்லையோ, கழுவுகிற தண்ணீர் குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான விதிகளுக்குள் வந்துவிடுவீர்கள். வீட்டு இணைப்புத் தண்ணீரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாணமும் கோழி எருவும் மக்காமல் மண்ணுக்குப் போனால் கிருமியும் கூடவே போகும். அமெரிக்க இயற்கை விவசாய விதி இதற்கு இரண்டு கெடு வைத்திருக்கிறது. உண்ணும் பாகம் மண்ணைத் தொடுமானால், பச்சை எரு போட்ட நாளிலிருந்து அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். தொடாத பயிருக்கு 90 நாள். கீரை முப்பது நாளில் அறுவடைக்கு வந்துவிடும் என்பதால் அதற்குப் பச்சை எரு என்ற பேச்சுக்கே இடமில்லை. நன்றாக மக்கிய உரம்தான் வழி. சமையல் கழிவை வெளியிலிருந்து வாங்கி மட்க வைக்கிறீர்கள் என்றால் அது கழிவு மேலாண்மை விதிக்குள் போய்விடலாம். சொந்த வீட்டுக் கழிவுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

பூச்சிமருந்து விஷயத்தில் சட்டப் புத்தகம் தேடி எங்கும் போக வேண்டாம், டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளே சட்டம்தான். எந்தப் பயிருக்கு, எவ்வளவு அளவில், எத்தனை முறை, கடைசியாகத் தெளித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். பருத்திக்குப் பதிவான மருந்தைத் தக்காளிக்கு அடிப்பது பல நாடுகளில் சட்ட மீறல், மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. இதற்குக் காரணம், எந்த மருந்து எந்தப் பயிரில் எவ்வளவு மிஞ்சலாம் என்று பயிர்வாரியாகத்தான் வரம்பு வகுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மருந்துக்கும் ஒரு பயிருக்கும் தனி வரம்பு வகுக்காவிட்டால், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பு தானாகவே வந்துவிடும். அது கிட்டத்தட்ட ‘இருக்கவே கூடாது’ என்று சொல்வதற்குச் சமம். இந்தியாவில் மருந்து டப்பாக்களில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமையைக் காட்டும் நிறங்கள் இருக்கும். சிவப்பு நிறம் போட்ட எதற்கும் வீட்டை ஒட்டிய தோட்டத்தில் வேலை இல்லை என்பது என் கருத்து.

விதையைப் பொறுத்தவரை, வீட்டுக்கு வளர்க்கிற வரை கவலையில்லை. விதையையோ நாற்றையோ விற்கத் தொடங்கினால் அது வேறு சட்டம். பாதுகாப்புப் பெற்ற ரகங்களுக்கு உரிமையாளர் உண்டு. இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி அத்தகைய விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும்கூட அனுமதிக்கிறது. நிறுவனப் பெயர் போட்டுப் பொதியாக விற்பதை மட்டும் தடுக்கிறது. எல்லா நாடுகளும் இவ்வளவு தாராளமாக இல்லை. நாற்று விற்பவர்களுக்கு நாற்றங்கால் பதிவோ நோயற்ற செடி என்ற சான்றோ தேவைப்படலாம். காய்கறி விற்பதற்கான பதிவு இதற்குப் போதாது.

நான்காம் படி: அறுவடைக்குப் பின் என்ன செய்கிறீர்கள்

எனக்குத் தெரிந்து புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஆகவே ஒரு தக்காளியையே எடுத்துக்கொள்வோம்.

பறித்து, துடைத்து, முழுசாக விற்கிறீர்கள். இது விளைபொருள். பல நாடுகளில் மிகக் குறைந்த கட்டுப்பாடு இதற்குத்தான். அதை நறுக்கி டப்பாவில் போட்டால் உடனே வேறு வகை. தோல் என்ற காப்பு போய்விட்டதால் கிருமி வளர வழி கிடைத்துவிட்டது. அமெரிக்க உணவு விதித் தொகுப்பு, நறுக்கிய தக்காளியை வெப்பநிலைக் கட்டுப்பாடு தேவைப்படும் உணவாகப் பார்க்கிறது. 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைத்திருக்க வேண்டும். நறுக்கிய கீரையும் நறுக்கிய முலாம்பழமும் இதே பட்டியலில் உண்டு.

அதே தக்காளியைச் சாஸாக்கிப் பாட்டிலில் அடைத்தால் இன்னும் கடுமை. இங்கே ஓர் எண் முக்கியம்: பிஎச் 4.6 (பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும்). இந்த அளவுக்கு மேல் போனால், காற்றுப் புகாமல் அடைத்த பாட்டிலுக்குள் போட்டுலிசம் என்ற கடுமையான உணவு நஞ்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளர்ந்து நஞ்சைச் சுரக்க முடியும். இதற்குக் கீழே, அதாவது புளிப்பு கூடுதலாக இருந்தால், அது வளராது. தக்காளியின் சிக்கல் என்னவென்றால், ரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து அது இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் இருக்கும், அந்தப் பக்கமும் இருக்கும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்கச் சொல்வது சுவைக்காக இல்லை. வீட்டுச் சமையலறையில் செய்து விற்க அனுமதிக்கும் ஊர்களில்கூட, அனுமதிப் பட்டியலில் பழ ஜாம், ரொட்டி, உலர்ந்த மூலிகை போன்றவைதான் அதிகம் இருக்கும். எண்ணெயில் ஊறிய பூண்டு, புளிப்பில்லாத காய்கறி அடைத்த பாட்டில் ஆகியவற்றைப் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். அதற்கும் காரணம் இந்தப் பாக்டீரியாதான்.

முளைவிட்ட பயறு தனிக் கதை. 2011-இல் ஜெர்மனியில் கடுமையான ஈ.கோலை தொற்று பரவிக் கிட்டத்தட்ட 4,000 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயைச் சந்தேகித்தார்கள். அது தவறு என்று தெரிவதற்குள் அந்த நாட்டு விவசாயிகள் பெரும் நஷ்டப்பட்டார்கள். கடைசியில் பழி ஜெர்மனியின் ஒரு முளைப்பயிர்ப் பண்ணைக்குப் போய், அங்கிருந்து வெந்தய விதைக்குப் போனது. விதையின் வெடிப்புக்குள் இருக்கும் ஒன்றிரண்டு கிருமிகள், வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள முளைக்கும் பாத்திரத்தில் சில நாளில் கோடிக்கணக்கில் பெருகிவிடும். சமைக்காமலே சாப்பிடுகிற உணவு என்பதால் அவற்றைக் கொல்லும் கட்டமும் நடுவில் கிடையாது. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் முளைப்பயிருக்கென்றே தனி விதிகளைப் போட்டது. அமெரிக்க விதியிலும் முளைப்பயிருக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. பயறை முளைக்க வைத்து வடித்த தண்ணீரையே பரிசோதிக்கச் சொல்கிறது அது.

மைக்ரோகிரீன் (முதல் இலைகள் விரிந்ததுமே வெட்டிச் சாப்பிடும் இளங்கீரை) வளர்ப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். மண்ணிலோ தேங்காய் நார்க்கழிவிலோ வளர்த்து, வேரை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் வெட்டி எடுத்தால் அமெரிக்காவில் அது முளைப்பயிர் அத்தியாயத்துக்குள் வராது. வேரோடும் விதையோடும் விற்றால் வரும். வளர்ப்பது அதே தட்டில்தான் என்றாலும், கத்தரிக்கோல் எங்கே படுகிறது என்பதில் சட்டம் மாறிவிடுகிறது. உங்கள் நாட்டில் எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: யாருக்கு விற்கிறீர்கள்

உண்பவர் கையில் நேரே கொடுத்தால் விதி தளர்வாக இருக்கும். நடுவில் ஆள் கூடக்கூட விதி இறுகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார ஒழுங்குமுறை, உற்பத்தியாளர் தன் விளைபொருளைச் சிறு அளவில் நேரடியாக நுகர்வோருக்கோ உள்ளூர்க் கடைக்கோ கொடுப்பதைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. அந்தச் ‘சிறு அளவு’ எவ்வளவு என்பதை அந்தந்த நாடு சொல்லும். அமெரிக்காவில் மூன்று வருஷச் சராசரியில் விளைபொருள் விற்பனை 25,000 டாலருக்குள் இருந்தால் விளைபொருள் பாதுகாப்பு விதி பொருந்தாது. விலைவாசிக்கு ஏற்ப அந்த எண்ணை உயர்த்திக்கொண்டே போகிறார்கள். அதற்கு மேலும் ஒரு விலக்கு உண்டு. மொத்த உணவு விற்பனை ஐந்து லட்சம் டாலருக்குள் இருந்து, அதில் பாதிக்கு மேல் நுகர்வோருக்கும் அதே மாநிலத்தில் அல்லது 275 மைலுக்குள் உள்ள கடைகளுக்கும் உணவகங்களுக்கும் போனால் அது கிடைக்கும். ஆனால் பண்ணையின் பெயரும் முகவரியும் விற்கும் இடத்தில் தெரிய வேண்டும்.

இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு விதமாகப் போகிறது. விவசாயிக்கும், விவசாய வேலைக்கும், பண்ணை அளவில் உள்ள விளைச்சலுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பிரிவு சொல்கிறது. அதே விளைபொருள் விவசாயி அல்லாத ஒருவர் கைக்கு வந்ததும் உணவு ஆகிவிடுகிறது. இதில் சிறு தோட்டக்காரர்கள் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கீரை போதவில்லை என்று இன்னும் நாலு தோட்டக்காரர்களிடம் வாங்கிச் சேர்த்து விற்றால், அந்தப் பங்குக்கு நீங்கள் விவசாயி இல்லை, வியாபாரி. பதிவு வேண்டியிருக்கும். அதே சட்டத்தில் விற்பனை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தையும் பாருங்கள்: ரொக்கம், கடன், பண்டமாற்று எல்லாம் விற்பனைதான், விற்பதற்காகக் கையில் வைத்திருப்பதும் விற்பனைதான். ‘காசு வாங்கவில்லை, முட்டைக்குக் கீரை மாற்றினேன்’ என்பது வாதமாகாது.

விலக்கு என்று படித்ததும் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். விலக்கு ஒரு குறிப்பிட்ட விதியிலிருந்து மட்டும்தான். உங்கள் காயால் ஒருவருக்கு நோய் வந்தால், பாதுகாப்பற்ற உணவை விற்றதற்கான பொறுப்பு எந்த விலக்குக்கும் அடியில் ஒளிந்துகொள்ளாது. பதிவு செய்வது சில இடங்களில் மிக எளிது. பிரிட்டனில் உணவுத் தொழில் தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாள் முன்பு உள்ளூராட்சியிடம் பதிய வேண்டும், கட்டணம் கிடையாது. உணவகத்துக்கோ பள்ளிக்கோ கொடுக்கப் போகிறீர்கள் என்றால் சட்டம் கேட்காததையும் அவர்கள் கேட்பார்கள்: நீர்ப் பரிசோதனை அறிக்கை, காப்பீடு, பதிவு எண். இதை அரசு விதி என்று எண்ணிக் குழம்ப வேண்டாம், வாங்குபவரின் நிபந்தனை அது.

ஆறாம் படி: பையின் மேல் எழுதுவது

எழுதாமல் விற்கிற வரை பெரிய பிரச்சினை இல்லை. எழுதத் தொடங்கினால் எழுதியதற்குப் பொறுப்பு. ‘சர்க்கரை நோய்க்கு நல்லது’ என்ற ஒரு வரி, கீரைக் கட்டை மருத்துவக் கூற்றுள்ள பொருளாக மாற்றிவிடும். இந்த வரியை எழுதாமல் விடுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

‘இயற்கை விளைச்சல்’ (ஆர்கானிக்) என்ற சொல் இன்னும் சிக்கல். பல நாடுகளில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் வருஷத்துக்கு 5,000 டாலர் வரை விற்பவர் சான்று இல்லாமலே அப்படிச் சொல்லலாம், அரசு முத்திரையைப் போடக் கூடாது, விதிகளையும் கடைப்பிடிக்க வேண்டும். இந்தியாவில் 2017 ஒழுங்குமுறைப்படி சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரே விற்றால் சான்று சரிபார்ப்பிலிருந்து விலக்கு உண்டு. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் முறையும் அங்கே இருக்கிறது, சிறியவர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும். மாடித் தோட்டக்காரர்களுக்கு ஐரோப்பிய விதி கசக்கும். செடி நிலத்தோடு தொடர்புள்ள உயிர்மண்ணில் வளர வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. தொட்டியில் எவ்வளவு சுத்தமாக வளர்த்த தக்காளியும் அந்த முத்திரையைப் பெறாது. தொட்டியோடு சேர்த்தே விற்கும் மூலிகைச் செடி போன்ற சிலவற்றுக்கு மட்டும் இடம் உண்டு. மண்ணில்லா விவசாயத்துக்கு அமெரிக்காவில் சான்று கிடைக்கிறது, ஐரோப்பாவில் கிடைக்காது. ஆக, எந்த விதியும் மீறாமல் சொல்ல வேண்டுமானால், செய்ததை அப்படியே சொல்லுங்கள்: ‘ரசாயனப் பூச்சிமருந்து தெளிக்கவில்லை.’ அது உண்மையாக மட்டும் இருந்தால் போதும்.

சாஸ், பொடி என்று போனால் சேர்பொருள் பட்டியல், ஒவ்வாமை எச்சரிக்கை, நிகர எடை, தயாரித்த நாள் எல்லாம் சேரும். பிரிட்டனில் 2021 அக்டோபரிலிருந்து, விற்கும் இடத்திலேயே முன்கூட்டி அடைத்து வைத்த உணவுக்கும் முழுச் சேர்பொருள் பட்டியல் கட்டாயம். எடை போட்டு விற்கிறீர்கள் என்றால் முத்திரையிட்ட தராசு வேண்டும். கட்டுக் கணக்கிலோ எண்ணிக்கையிலோ விற்க அனுமதி இருந்தால் கீரைக்கு அது சுலபம்.

கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு பத்தி

கோழிக்கும் முயலுக்கும் தேனீக்கும் தனிச் சட்டங்கள். இங்கிலாந்தில் 2024 அக்டோபரிலிருந்து ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும், பறவைக் காய்ச்சல்தான் காரணம். வளர்க்க அனுமதி கிடைத்தால் முட்டை விற்க அனுமதி கிடைத்ததாக ஆகாது. சேவலுக்குப் பல நகரங்களில் இடமே இல்லை.

ஏழாம் படி: சட்டத்தை எப்படிப் படிப்பது, யாரிடம் கேட்பது

முதலில் விளக்கங்கள் என்ற பகுதிக்குப் போங்கள். விவசாயி, உணவு, விற்பனை, பதப்படுத்துதல் ஆகிய சொற்களுக்கு அந்தச் சட்டம் என்ன பொருள் கொடுக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் நாம் நினைக்கும் பொருள் அங்கே செல்லாது. அடுத்து ‘பொருந்தாது’, ‘விலக்கு’ என்ற இடங்கள். நடுவில் உள்ள பக்கங்களை அப்புறம் படிக்கலாம். சட்டத்தில் சட்டகம்தான் இருக்கும். எண்களும் படிவங்களும் கட்டணமும் விதிகளிலும் ஒழுங்குமுறைகளிலும் இருக்கும். அவற்றை அறிவிக்கைகள் திருத்திக்கொண்டே இருக்கும். பழைய பிடிஎஃப் ஒன்றை வைத்துக்கொண்டு வாதாடப் போகாதீர்கள், கடைசித் திருத்தம் எந்தத் தேதி என்று பாருங்கள். வழிகாட்டு நெறிமுறை என்று இருப்பது பெரும்பாலும் கட்டாயம் இல்லை. ஆனாலும் விதியைவிடத் தெளிவாக எழுதியிருப்பார்கள், அதனால் எனக்கு அதையே முதலில் படிக்கப் பிடிக்கும்.

‘கோடெக்ஸ்’ என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963-இல் அமைத்த உணவுத் தர ஆணையம் அது. அது உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் பல நாடுகள் தங்கள் விதியை அதிலிருந்துதான் எடுக்கின்றன. பச்சைக் காய்கறி, பழங்களுக்கென்று அது வெளியிட்ட சுகாதார நடைமுறையைப் படித்தால் உள்ளூர் ஆய்வாளர் எதையெல்லாம் கேட்பார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

அலுவலகத்தில் கேட்கும்போது ‘தோட்டம் வைக்கலாமா?’ என்று கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். முதல் படியில் எழுதிய தாளை நீட்டி, ‘இந்த மூன்று பொருளை, இந்த இடத்தில் வளர்த்து, இவர்களுக்கு விற்கப் போகிறேன். எந்தப் பொருளுக்கு எந்தப் பதிவு?’ என்று கேளுங்கள். வாய்வார்த்தைப் பதிலை மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, ‘நான் புரிந்துகொண்டது சரியா?’ என்று உறுதி கேட்டு வையுங்கள். அதிகாரி மாறினாலும் அந்தக் கடிதம் இருக்கும். துறை துறையாக அலைவதற்கு முன் வேளாண் விரிவாக்க அலுவலரைப் பார்ப்பது நல்லது. அபராதம் போடும் வேலை பொதுவாக அவருடையது இல்லை என்பதால் மனம்விட்டுப் பேசலாம்.

எட்டாம் படி: நோட்டுப் புத்தகம்

தேதி, பயிர், தெளித்தது, எரு போட்டது, அறுவடை, யாருக்குக் கொடுத்தது. இவ்வளவுதான், ஒரு நோட்டு போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு உணவுச் சட்டம் ‘ஒரு படி பின்னால், ஒரு படி முன்னால்’ என்று கேட்கிறது. உணவும் அதில் சேர்க்கும் பொருள்களும் யாரிடமிருந்து வந்தன, விளைச்சல் எந்தக் கடைக்குப் போனது என்று காட்ட முடிய வேண்டும். கடைசி நுகர்வோரின் பெயரை யாரும் கேட்கவில்லை. வெள்ளரிக்காய் விவசாயிகளுக்கு 2011-இல் நடந்ததை நினைத்தால், இந்த நோட்டு அதிகாரிக்குக் காட்ட மட்டுமல்ல, ‘அது என் சரக்கு இல்லை’ என்று நிரூபிக்கவும்தான் என்று புரியும்.

தாளில் எழுதிய ஐந்தில் ஒன்று மாறினாலும் திரும்ப ஒருமுறை விதியைப் பாருங்கள். முழுத் தக்காளி விற்றவர் நறுக்கத் தொடங்கினால், தெருவில் விற்றவர் உணவகத்துக்குக் கொடுத்தால், வீடு மாறினால் பழைய பதிவு செல்லாமல் போகலாம். புதுப்பிக்கும் தேதியைப் பதிவுச் சான்றின் நகலிலேயே பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஆய்வாளர் வந்தால் அடையாள அட்டையைக் கேட்பதில் தவறில்லை, அவரும் அதை எதிர்பார்ப்பார். நோட்டையும் பதிவையும் காட்டுங்கள். குறை சொன்னால் எந்த விதியின் எந்தப் பிரிவு, சரிசெய்ய எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கொடுக்கும் தாளில் மேல்முறையீட்டுக்கான கெடு இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள், இல்லாவிட்டால் யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடுவது என்று அவரிடமே கேட்டு அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.